முள் இல்லாத ஒரு வாரம்

ஆய்வகத்து மொட்டைமாடியில் ஒரு குழாய் நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். கீழே இருக்கும் கருவி அந்தக் காற்றில் ஒரு வாயுவைத் தேடும். ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு அது. தடை செய்து எத்தனையோ வருடமாகிறது. உலகமெங்கும் அதன் அளவு மெல்ல இறங்கி வருவதால்தான் படலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டிருக்கிறது.

இங்கேயும் வரைபடத்தில் கோடு இறங்கித்தான் வந்தது. தெற்குக் காற்று அடிக்கும்போது மட்டும் அதில் முள் முள்ளாய் ஏதோ எழும்பியது. தெற்கே முழுக்கத் தொழிற்கொட்டகைகள். எவனோ திருட்டுத்தனமாய் அதைப் பயன்படுத்துகிறான். எவன்?

"போன மாசம் இந்த ஒரு வாரம் மட்டும் தெற்குக் காத்து இருந்தும் முள்ளே இல்ல," என்றார் சந்தேக சார். தன் கைக்கடிகாரத்தைக்கூட நம்பாத மனிதர். "கருவி பொய் சொல்லியிருக்கு. நாளைக்குக் காலையில அறிக்கை போகுது, இதைத் தூக்கிடலாம்."

சின்னவள் வாயைத் திறந்தாள், மூடினாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு அதுதான் வழக்கம்.

அந்த வாரம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் தங்கியிருப்பது அக்கா வீட்டு மாடியறையில். அத்தானுக்குத் தெற்கே பட்டறை. குளிர்பதன அறைகளுக்கு நுரைப் பலகை செய்கிறார். கலவை இயந்திரத்தின் மோட்டார் எரிந்துபோய் அந்த வாரம் முழுக்க வீட்டிலிருந்தவர், கை சும்மா இருக்காமல், நன்றாக ஓடிய மின்விசிறிகளையெல்லாம் கழற்றிப்போட்டு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அத்தான் வழக்கம்போல் ஆரம்பித்தார்.

"என்ன சின்னவளே, வானத்து ஓட்டைய அடைச்சாச்சா?"

"அடைஞ்சுகிட்டு வருது அத்தான். மெதுவா."

"உன் கல்யாணம் மாதிரியா?"

அக்கா சிரித்தாள். சின்னவள் சிரிக்கவில்லை.

"நுரை பொங்க என்ன ஊத்துறீங்க அத்தான்?"

அவர் கை தட்டில் நின்றது. "பீப்பாயில எழுதியிருக்கிறதைத்தான்."

"உள்ள இருக்கிறது?"

"பழைய சரக்கு," என்றார் கடைசியில். "அது பொங்குற பொங்கு புதுசுக்கு வராது. ஏன், ஊர்ல நான் ஒருத்தன்தானா?"

சின்னவள் முள்ளையும், அது இல்லாத வாரத்தையும், காலையில் அந்த வாரப் பதிவை அழிக்கப்போவதையும் சொன்னாள். அது போய்விட்டால் அத்தனை கொட்டகையில் இந்தக் கொட்டகைதான் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

"அப்ப பேசாம இரு," என்றார் அத்தான். "அதுதான் உனக்கு நல்லா வருமே."

"சொல்லிடுவேன் அத்தான். வேற யாரோ வந்து கதவைத் தட்டறதுக்கு முன்னாடி நீங்க தெரிஞ்சுக்கணும்னுதான்..."

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அக்கா அவர் விட்டுப்போன தட்டை ஓரமாய் நகர்த்தினாள்.

"பட்டறைய மூடிடுவாங்களாடி?"

"மூடலாம். அவரே போய் ஒப்படைச்சா கொஞ்சம் பார்த்துச் செய்யலாம். எனக்குத் தெரியலக்கா."

காலையில் சந்தேக சாரின் விரல் அழிக்கப் போகும்போது அவள் சொன்னாள். அவளே எதிர்பார்க்காத அளவுக்குச் சத்தமாய் வந்தது.

"கருவி பொய் சொல்லல சார். அந்த வாரம் எங்க அத்தான் பட்டறை மூடியிருந்துச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நிச்சயமாவா?"

"எரிஞ்ச மோட்டாரை வண்டியில ஏத்தினப்ப ஒரு பக்கம் பிடிச்சதே நான்தான்."

அவர் அவளை நாற்காலியிலிருந்து எழுப்பினார். சொந்தக்காரப் பெண் இனி இந்தக் கணக்கைத் தொடக்கூடாது என்றார். சரிதான் என்று அவளுக்கும் பட்டது.

மதியம் அக்கா கூப்பிட்டாள்.

"உங்க அத்தான் பீப்பாயெல்லாம் பட்டறை வாசல்ல உருட்டி வெச்சுட்டு உட்கார்ந்திருக்கார். உன்கிட்ட பேசமாட்டாராம். ஆனா யாரை அனுப்பணுமோ சீக்கிரம் அனுப்பச் சொன்னார். வெயில் பட்டா உப்பிக்குமாம், மூடி விட்டுக்குமாம்."

"நிழலுக்குத் தள்ளச் சொல்லுக்கா," என்றாள் சின்னவள். "மூடிய மட்டும் தொட வேண்டாம். ஆளோட நானும் வர்றேன்."