கலைமதியின் கோரிக்கை

குன்னூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் நான். பொறுமைதான் இந்த வேலைக்கு மூலதனம். அதைத்தான் ஆண்டவன் எனக்கு அரைப்படி குறைத்து அளந்துவிட்டான்.

ஏழாம் வகுப்பு கலைமதி சில வாரங்களாக வாயே திறக்கவில்லை. ஜூன் மாதம் அவளைக் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் சேர்ப்பது என்று அப்பா பொன்ராஜ் முடிவு செய்ததிலிருந்துதான் இப்படி என்று அவள் தோழி சொன்னாள். நான் கேட்டால் குனிந்துகொண்டு ஸ்வெட்டர் நூலைப் பிரிப்பாள். கடைசியில் பெற்றோரை வரச் சொல்லி போன் செய்தேன்.

அவர்கள் வேலை செய்யும் தேயிலை எஸ்டேட்டில், ஆபீசுக்குக் கூப்பிட்டால் யூனியன் தலைவர் இல்லாமல் யாரும் போக மாட்டார்கள். அந்த வழக்கப்படி பொன்ராஜும் மனைவி சுகந்தியும், தலைவர் நல்லசாமியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"இது குடும்ப விஷயம். நீங்க வெளிய இருங்க" என்றேன்.

"ஏனுங்க டீச்சர், நான் இல்லாம விசாரணை செல்லாதுங்க" என்று நாற்காலியைப் பொன்ராஜ் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார் நல்லசாமி. "புள்ள மேல என்ன புகாருங்க? மொதல்ல வார்னிங் குடுத்தீங்களா?"

"புகாரே இல்லைங்க. பேச மாட்டேங்கறா, அவ்வளவுதான்."

"பேசாததுக்கெல்லாமா டிஸ்மிஸ் பண்ணுவீங்க?"

எதிரே உட்கார்ந்திருந்த கலைமதியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. எனக்கும் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஹாஸ்டல் விஷயத்தை எடுத்தேன்.

"நானும் சுகந்தியும் படிக்கலீங்க. இவளாச்சும் நல்லாப் படிக்கட்டும்னுதானுங்க" என்றார் பொன்ராஜ். "தலைவரே, நம்ம பக்கம் எடுத்துச் சொல்லுங்க."

நல்லசாமி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "உனக்கு நான் இருக்கறேன். டீச்சருக்கு ஸ்கூலே இருக்குது. இந்தப் புள்ள பக்கம் யாரப்பா இருக்கறா?"

எழுந்து நாற்காலியைத் தூக்கிப்போய்க் கலைமதி பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அந்த மனிதரை அந்த நிமிடமே எனக்குப் பிடித்துப்போயிற்று.

"சொல்லு கண்ணு, உன்ற கோரிக்கை என்ன?"

கலைமதி நூலை விட்டாள்.

"அப்பா தேயிலை பேக்டரில நைட் ஷிப்ட் முடிஞ்சு ஊட்டுக்கு வர்றப்ப, அம்மா கொழுந்தெடுக்கப் போயிருவாங்க. நாந்தான் கதவு தொறந்து, சுடுதண்ணி வெச்சுக் குடுப்பேன். நான் போயிட்டா யாரு குடுப்பா?" அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "இங்கயே இருந்து படிக்கறேன். நல்லாவே படிக்கறேன்."

சுகந்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தலைவரே, என்ற கோரிக்கையும் அதுதானுங்க" என்றாள்.

பொன்ராஜ் கழுத்து மப்ளரை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்தார். "ஒத்துக்கறேனுங்க டீச்சர். கையெழுத்து எங்க போடோணுங்க?"

"கையெழுத்தெல்லாம் வேண்டாங்க" என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்கும் நைட் ஷிப்ட்தான், கண்ணு. காலைல நீயே வந்து கதவத் தொற."