புதன்கிழமை ஜாவா

கிளறன்சுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று கொட்டாஞ்சேனையில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை வைத்தவர் யாரோ தெரியாது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் அவர் கிளறன்சின் பக்கத்தில் இருக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கிளறன்சுக்கு வேலை கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில். எந்தக் கப்பல் எப்போது வருகிறது, எந்தக் கொள்கலன் எந்த லொறியில் ஏறுகிறது என்பதையெல்லாம் அங்கே ஒரு பெரிய கொம்பியூட்டர் பார்த்துக்கொண்டது. பதினேழு வருடங்களுக்கு முன், கோபோல் என்ற பாஷையில் அதற்கு வேலை சொல்லிக் கொடுத்தவர்கள் கிளறன்சும் அவருடைய கூட்டாளி பேர்னாட்டும். எண்பத்துமூன்று கலவரத்தில் கிளறன்சின் வீடு எரிந்தது, புரோகிராம் எரியவில்லை. அதனாலோ என்னவோ அதன்மேல் அவருக்கு ஒரு பிள்ளைப் பாசம்.

அந்தப் பாசத்துக்குத்தான் சனி பிடித்தது. மனேஜர் குலரத்ன சிங்கப்பூரில் ஒரு செமினாருக்குப் போய், கழுத்துப்பட்டியும் ஜாவா என்ற புதுப் பாஷையின் பேருமாகத் திரும்பி வந்தார். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது பழைய புரோகிராம்களுக்குத் திகதி குழம்பும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த காலம். பழசுக்கு ஒட்டுப் போடுவதை விட்டு முழுவதையும் ஜாவாவில் புதிதாக எழுதுவோம் என்றார் குலரத்ன. ஒட்டுப் போட்டால் மூன்று மாதத்தில் முடிகிற வேலை, புதிதாக எழுதப் போனால் உள்ளதும் போச்சடா நொள்ளைக் கண்ணா என்று ஆகிவிடும் என்றார் கிளறன்ஸ். அவர் சொன்னது நியாயம். ஆனால் நியாயத்துக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் திரும்பவும் அரிச்சுவடி என்றால், ஏற்கெனவே அரிச்சுவடி தெரிந்த பொடியன்கள் மேலே போய்விடுவார்கள். பதினேழு வருடம் தலைமேசையில் இருந்தவர் அந்தப் பொடியன்களுக்குக் கோப்பு எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அப்படிப்பட்ட பொடியன் ஒருவன் அலுவலகத்திலேயே இருந்தான். ஷிப்லி, இருபத்தாறு வயது, தெஹிவளைப் பக்கம் வீடு. கூட்டங்களில் குலரத்னவின் பேச்சுக்குத் தலையாட்டுகிற ஒரே ஆள். ஒருநாள் அவன் பழைய புரோகிராமை ஏதோ குறை சொல்ல, கிளறன்ஸ் எல்லோர் முன்னிலையிலும், ஆடத் தெரியாதவள்தான் மேடை கோணல் என்பாள் தம்பி, என்று வெட்டிவிட்டார். ஷிப்லி சிரித்துவைத்தான்.

டைரக்டர்மாருக்குச் செலவு பிடிக்காது. பழைய கைகள் இரண்டும் சம்மதித்தால் மாற்றலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முடிவு எடுக்கும் கூட்டம் புரட்டாதியில் என்றானது. கிளறன்ஸ் நேரத்தை வீணாக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையே பேர்னாட்டைக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், சுருவத்தின் முன்னால், நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பாஷையைக் கையாலும் தொடமாட்டோம் என்று நேர்ந்துகொள்ள வைத்தார். தானும் நேர்ந்துகொண்டார். காணாமல்போன சாமானைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற அந்தோனியாரிடம், வேண்டாத சாமானைக் காணாமல் போக்கச் சொல்லிக் கேட்டவர்கள் இவர்கள்தான்.

மூன்று கிழமை போனது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் கிளறன்ஸ் வேலை விளம்பரங்களைப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் ஜாவா. கூட்டத்தில் நாங்கள் தோற்றுவிட்டால்? பேர்னாட் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டால்? எதிரியின் பலத்தை அறிவது பாவமில்லை என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு, வெள்ளவத்தையில் ஒரு ரியூசனில் பேரைப் பதிந்தார்.

வெள்ளவத்தையில் எதற்குத்தான் ரியூசன் இல்லை! கணக்கு, கெமிஸ்ற்றி, ஜெர்மன், விசா நேர்முகத்தில் எப்படி முழிக்க வேண்டும் என்பது வரைக்கும். ஜாவா வகுப்பு ஒரு சேலைக்கடையின் மேல்மாடியில், புதன்கிழமை பின்னேரங்களில். ஒன்பது பேர், எல்லாம் யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு என்று வந்து லொட்ஜுகளில் தங்கியிருக்கிற இளசுகள். கிளறன்ஸ் கடைசி வாங்கில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். சோக்கட்டியோடு உள்ளே வந்த மாஸ்டர் ஷிப்லி.

வெளியில் படிப்பித்தால் வேலை போய்விடும் என்பது கம்பனிச் சட்டம். ஆகவே இரண்டு கள்ளரும் ஒருவரையொருவர் ஒரு நிமிடம் பார்த்தார்கள். பிறகு ஷிப்லி பலகைப் பக்கம் திரும்பி, புது ஆக்கள் விளங்காததைக் கேக்கலாம் என்று பொதுவாகச் சொன்னான். அவ்வளவுதான் உடன்படிக்கை. பகலில் அலுவலகத்தில் கிளறன்ஸ் ஜாவாவைத் திட்டுவார், ஷிப்லி கேட்டுக்கொண்டிருப்பான். புதன் பின்னேரம் ஷிப்லி பிழை திருத்துவான், கிளறன்ஸ் கேட்டுக்கொண்டிருப்பார். மன்னார்ப் பொடியன் யேசுரட்ணம் பக்கத்தில் இருந்து தன் கொப்பியை அவர் பார்த்து எழுதுவதற்காகத் தள்ளி வைப்பான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், நாலாவது வகுப்பில் கிளறன்சுக்கு அந்தப் பாஷை கொஞ்சம் பிடித்தும்விட்டது. அதுதான் அவருக்குப் பெரிய ஆத்திரம்.

வீட்டில் மனைவி மேபலுக்கு என்ன சொல்வது? செவ்வாய்க்கிழமை அந்தோனியார் என்று புளுக முடியாது, முழுக் கொட்டாஞ்சேனையும் அங்கேதான் நிற்கும். புதன் என்றால் பொரளை. சகாய மாதா கோயில் நொவேனா ஜெபத்துக்குக் கொழும்பின் நாலு மூலையிலிருந்தும் சனம் வரும், அந்த நெரிசலில் யார் யாரைக் கண்டது? மேபலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பூசைக்கே இழுத்துக்கொண்டு போக வேண்டிய மனிதன் தானாக நொவேனாவுக்குப் போகிறானே என்று, ஒவ்வொரு புதனும் ஒரு கட்டு மெழுகுதிரியும் நெருப்புப் பெட்டியும் அவருடைய பையில் வைத்து அனுப்பினாள். கிளறன்சின் அலுவலக மேசை லாச்சி மெழுகுதிரியால் நிரம்பியது.

ஒரு புதன் இரவு மேபல், பேர்னாட்டும் பொரளைக்குத்தான் வாறாராம், நேசம் சொன்னவள், இரண்டு பேரும் சேர்ந்தே போறதுதானே, என்றாள். நேசம் பேர்னாட்டின் மனைவி. பாவம், நேர்த்திக்கு உண்மையாக நின்று மன்றாடுகிறான் மனுசன், நான் ஒரு யூதாஸ் என்று அன்றிரவு கிளறன்சுக்கு நித்திரை வரவில்லை. அடுத்த நாள் அலுவலகத்தில் ஆழம் பார்க்க, நேற்றுப் பொரளையில் என்ன சனம் மச்சான் என்றார். ஓமடா, பீடமே தெரியேல்லை, என்றான் பேர்னாட். அப்பாடா, என்னைக் காணவில்லை என்று அவன் சந்தேகப்படவில்லை என்று கிளறன்ஸ் மாதாவுக்கு நன்றி சொன்னார். போகாத நொவேனாவுக்காக மாதாவுக்கு நன்றி சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. கிளறன்சின் புளுகு அதைவிடக் கொஞ்சம் கூட ஓடியது. கூட்டத்துக்கு முந்திய புதன்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஒழுங்கையின் இரண்டு முனையிலும் பொலிஸ் ட்ரக் வந்து நின்றது. அந்த வருடங்களில் வெள்ளவத்தையில் அது புதினமில்லை. எங்காவது ஒரு குண்டு வெடித்தால், அல்லது வெடிக்கும் என்று யாராவது சொன்னால், சுற்றிவளைப்பு. ஷிப்லியின் அடையாள அட்டையில் முஸ்லிம் பேரைப் பார்த்து அவனைப் போகச் சொல்லிவிட்டார்கள். கிளறன்சின் அட்டையில் கொழும்புப் பிறப்பு இருந்தது, ஆனால் பையைத் திறந்தார்கள். ஒரு கட்டு மெழுகுதிரி, நெருப்புப் பெட்டி, என்ன மொழி என்றே விளங்காத எழுத்துகள் நிறைந்த கடதாசிகள். அவரையும் ஒன்பது பேரையும் ட்ரக்கில் ஏற்றினார்கள். படியில் நின்ற ஷிப்லி அவர் காதோடு சொன்னான்: “சேர், பயப்பட வாணாம். நான் மனேஜர் சேருக்குப் போன் எடுக்கிறேன்.”

போன் எடுத்தால் தன் களவும் வெளியே வரும், வேலை போகும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? ட்ரக்கில் குந்தியிருந்த கிளறன்சுக்கு, இவனையா நான் மேடை கோணல் என்றேன் என்று வெட்கமாக இருந்தது.

பொலிஸ் முற்றத்தில் நிலத்தில் உட்கார வைத்தார்கள். ஏற்கெனவே இருபது முப்பது பேர். அவர்களுக்கு நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, பேர்னாட்.

கிளறன்ஸ் அவனைப் பார்த்தார். பேர்னாட் மெழுகுதிரி தெரிகிற அவருடைய பையைப் பார்த்தான். அவனுடைய பையிலும் அதே கட்டுத்தான் தெரிந்தது.

“நீயும் பொரளைக்கோ?” என்றார் கிளறன்ஸ்.

“ஓம் மச்சான்,” என்றான் பேர்னாட், “பக்கத்து ஒழுங்கையிலை. ஒரு மிஸ் வீட்டிலை வைச்சுச் சொல்லித் தாறா.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அந்த முற்றத்தில் யாருக்கும் சிரிப்பு வராது.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாக்குமூலம் எழுதினார்கள். பொறுப்பான அதிகாரி சத்தம் போடவில்லை, களைத்துப் போயிருந்தார். இந்த வயதில் பொடியன்களோடு என்ன படிப்பு என்று சிங்களத்தில் கேட்டார். கிளறன்ஸ் யோசித்தார். கம்பனி மாறப் போவதில்லை, மாறாமல் தடுக்கத்தான் நான் படிக்கிறேன் என்று உண்மையைச் சொன்னால் உலகத்தில் எந்தப் பொலிஸ் நம்பும்? ஆகவே, எங்கள் கம்பனி முழுப் புரோகிராமையும் புதுப் பாஷைக்கு மாற்றுகிறது, அதற்காகத்தான் நானும் பேர்னாட்டும் படிக்கிறோம் என்று சொன்னார். அதிகாரி எழுதினார். பிறகு பேனையால் முற்றத்தைக் காட்டி, அப்படியென்றால் உன்னோடு பிடிபட்ட மற்ற ஒன்பது பேரும் யார் என்றார்.

கிளறன்ஸ் திரும்பிப் பார்த்தார். யேசுரட்ணம் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கொழும்பில் தங்குவதற்கான அவனுடைய பொலிஸ் பதிவு போன கிழமை முடிந்துவிட்டது என்று அவன் வகுப்பில் சொல்லியிருந்தான். அவனைத் தேடி வந்து கையெழுத்து வைக்கக் கொழும்பில் ஒரு பெரிய மனிதரும் கிடையாது. ஆள் வராதவர்களை எங்கே கொண்டுபோவார்கள், எத்தனை மாதம் வைத்திருப்பார்கள் என்று அந்த முற்றத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒட்டுப் போட்டால் மூன்று மாதத்தில் முடிகிற வேலை அது. அதற்கு இரண்டு பேரே அதிகம்.

“எல்லாரும் எங்கட புரொஜெக்ட் ஆக்கள், மாத்தயா,” என்றார். “பெரிய புரொஜெக்ட்.”

குலரத்ன வந்தபோது கழுத்துப்பட்டி இல்லை, வீட்டுச் செருப்போடு வந்தார். பின்னால் ஷிப்லி. அதிகாரி வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி, உங்கள் கம்பனி இப்படியொரு மாற்றம் செய்கிறதா, இந்தப் பதினொரு பேரும் அதற்கா என்று கேட்டார். ஆறு பேரைத் தாருங்கள் என்று டைரக்டர்மாரிடம் ஆறு மாதமாக மன்றாடிக்கொண்டிருந்த மனிதர், தன் பரம எதிரியை ஒருமுறை நீளமாகப் பார்த்தார். பிறகு ஓவ், அதாவது ஓம், என்றார், கையெழுத்து வைத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காரில் கொள்ளுப்பிட்டி தாண்டியபிறகு, திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேசப் போவது நானில்லை, கிளறன்ஸ், நீர்தான், என்று இங்கிலிஷில் சொன்னார்.

திங்கட்கிழமை கிளறன்ஸ் எழுந்து நின்றார். சட்டைப்பையில், ஜாவா ஏன் கூடாது என்று அவர் ஒரு மாதமாகத் தட்டச்சு செய்து வைத்திருந்த நாலு பக்கம் இருந்தது. அதிலுள்ள ஒவ்வொரு வரியும் சரி. ஆனால் கம்பனி மாறாவிட்டால் பொலிசிலுள்ள வாக்குமூலம் பொய். அந்தக் காலத்தில் ஒரு தமிழன் பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலம் பொய்யாகப் போனால் என்ன நடக்கும் என்று அந்த மேசையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பொய் ஒன்றைச் சொல்லியாகிவிட்டது, இனிக் கம்பனியை மாற்றி அதை உண்மையாக்குவதுதான் வழி. ஜாவா நல்லது, அவசரமாக வேண்டும், பதினொரு பேர் வேண்டும் என்று பேசினார். நடுவில் யாரும் கேள்வி கேட்காதபடி மூச்சு விடாமல் சொன்னார். அது ஆர்வம் என்று டைரக்டர்மார் நினைத்தார்கள். சொந்தச் செலவில் படித்த மூத்த உத்தியோகத்தர்கள் இருவரையும் தலைவர் பாராட்டினார். கால் மணித்தியாலத்தில் முடிந்தது. ஷிப்லியின் ரியூசனுக்குக் கம்பனிப் பயிற்சி என்று பேர் வைத்து, அவனையே புரொஜெக்ட்டுக்குத் தலைவனாக்கினார்கள். அன்று பின்னேரமே கிளறன்ஸ் தலைமேசையை ஒழித்துக் கொடுத்தார். லாச்சியிலிருந்த மெழுகுதிரிகளை ஒரு பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டார்.

வாக்குமூலத்தைச் சரிபார்க்கப் பொலிஸ் வரும் என்று ஒரு வருடம் காத்திருந்தார்கள். வாசலில் ஜீப் நின்றால் பேர்னாட்டுக்கு விக்கல் எடுக்கும். ஒருவரும் வரவில்லை. யாரும் அதைத் திருப்பிப் பார்த்ததாகவே தெரியவில்லை.

ஒன்பது பேரும் கெட்டிக்காரப் பிள்ளைகள், நன்றாக வேலை செய்தார்கள். ஜாவா தெரிந்த ஆளுக்குக் கனடாவில் மரியாதை என்பதால், அடுத்த வருடம் முடிவதற்குள் ஒவ்வொருவராக விமானம் ஏறினார்கள். கடைசியாகப் போனவன் யேசுரட்ணம், கிளறன்சின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். கிளறன்ஸ் மேசைக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதார், சந்தோஷத்தில் பாதி, மிச்ச வேலையை நினைத்துப் பாதி. ஏனென்றால் அந்தப் பெரிய புரொஜெக்ட்டை எழுதி முடிக்க மிஞ்சியவர்கள் ஷிப்லியும், அந்தப் பாஷையைக் கையாலும் தொடமாட்டோம் என்று அந்தோனியாரிடம் நேர்ந்துகொண்ட இரண்டு பேரும்தான்.

தொண்ணூற்றொன்பது மார்கழியில் ஒரு புதன்கிழமை. அடுத்த திங்கள் பழைய புரோகிராமை நிறுத்திப் புதிதை ஓட்ட வேண்டும். ஓடுமா என்று மூன்று பேருக்கும் தெரியாது. பதினெட்டு வருடம் பிழையில்லாமல் ஓடியதைத் தன் கையால் நிறுத்தப் போகிறோமே என்று கிளறன்சுக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. பேர்னாட்டை வீட்டுக்கு வரச் சொல்லி, அலுமாரிக்கு மேலிருந்த மெழுகுதிரிப் பெட்டியை இறக்கித் தூசு தட்டி, உண்மையாகவே புறப்பட்டார்.

“பொரளைக்குப் போட்டு வாறன், மேபல். நொவேனாவுக்கு.”

மேபல் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“சரி,” என்றாள். “கொப்பியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கோ.”