இலைச் சட்டை

1

இந்தக் கதை ஒரு சட்டையிலிருந்து வந்தது. போட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை, எழுதத்தான் துணிந்தேன்.

'காவிரியில் தண்ணீர் வந்த அன்று…'

வேண்டாம். டெல்டாக் கதைகள் எல்லாமே இப்படித்தான் தொடங்கித் தொலைகின்றன.

ஞானாம்பாள் திருவிடைமருதூரிலிருந்து பஸ்ஸில் ஊர்ப் பள்ளிக்கு வந்துபோகும் தையல் டீச்சர். பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த வருஷம், பிள்ளைகள் 'நெகிழி ஒழிப்போம்' என்று கட்டுரை எழுதிவிட்டு மிட்டாய் உறையை வாய்க்காலில் போட்டார்கள். அவருக்குப் பொறுக்கவில்லை. பெரியவர்களுக்கும் ஆகிறாற்போல் தொளதொளவென்று ஒரு சட்டை தைத்தார். வெளியே பருத்தி. உள்ளே, குமிழியின் வாயில் அவரே பொறுக்கிக் கழுவிய பால் கவர், உரச்சாக்கு, இலை. கண்ணை மூடிக்கொண்டு போட்டு, உள்ளே இருப்பது என்னவென்று தடவிக் கண்டுபிடிக்க வேண்டும்.

(குமிழி என்பது வரப்புக்கு அடியில் தண்ணீர் போகும் குழாய். மறந்துவிடாதீர்கள்.)

2

ஏழாம் வகுப்பு வேம்பு போட்டுக்கொண்டாள். சிரித்தாள். வியர்த்தாள். பிறகு

[இங்கே 'மூச்சு நின்றது' என்று எழுதி அடித்தேன். நின்றது விரல்தான்.]

நடுநரம்பு புடைத்த ஒரு துண்டில் விரல் நின்றது.

"டீச்சர், இது எங்க எலை."

"எந்த எலைம்மா?"

"நான் வயசுக்கு வந்தப்ப அப்பா கும்பகோணத்துலேருந்து வாங்கியாந்த பிளாஸ்டிக் எலை. ஊர்ல வேற யாரும் போடல. சாப்புட்டதும் எப்பவும்போல வாய்க்கால்ல போட்டுட்டாங்க."

வாழையிலையை வீசிப் பழகிய கைகள். அது மக்கிப்போகும்.

ஞானாம்பாள் அந்த இலையைப் பொறுக்கியது வேம்பு வீட்டு வயலுக்குத் தண்ணீர் போகும் குமிழியின் வாயில்; உள்ளே இன்னும் எவ்வளவு அடைத்திருக்கிறதோ. வேம்புவின் அப்பா கோவிந்தராசுவின் வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை, நாற்று காய்கிறது. மேல்வயல் நாகேஸ்வரன்தான் அடைத்துவிட்டார் என்று ஊர் இரண்டாகி நிற்கிறது. கோவிந்தராசுவின் அப்பா கொடி பிடித்து, அடி வாங்கிப் பெற்ற குத்தகை நிலம் அது. அந்தக் கோபத்தில் யாரும் குனிந்து குமிழியைப் பார்க்கவில்லை. இன்று கோவிந்தராசுவும் அவர் பக்கத்து ஆட்களும் போலீசில் புகார் கொடுக்கப் போகிறார்கள்.

3

ஒரு முடிவு: டீச்சர் அந்தத் துண்டைப் பிரித்து மறைக்கிறார். கத்தரிக்கோலை எடுத்தும் விட்டார், வேம்பு சட்டையைக் கொடுக்கவில்லை.

இன்னொன்று: தண்ணீர் பாய்கிறது, கோவிந்தராசுவும் நாகேஸ்வரனும் கைகோக்கிறார்கள். எழுத வெட்கமாயிருக்கிறது. இத்தனை வருஷப் பகை ஒரு குமிழியில் மட்டுமா அடைத்துக் கிடக்கிறது?

நடந்தது இவ்வளவுதான். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், மகளிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்கக் கோவிந்தராசு பள்ளிக்கு வந்தார்.

"அப்பா, கண்ண மூடிக்கிட்டு இதப் போட்டுப் பாருங்க."

"நேரமில்லம்மா. ஆளுங்க நிக்கிறாங்க."

"ஒரே ஒரு தடவப்பா."

மகளுக்காகக் கண்ணை மூடினார். ஒரு கையை நுழைத்தார். உள்ளே சரசரத்தது. விரல் இன்னும் அந்த நரம்பைத் தொடவில்லை. "அண்ணே, வாங்க" என்று வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

சட்டையின் மறுகையை இவ்வளவு நேரம் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னால் முடியவில்லை. நீங்கள் பிடியுங்கள்.