ரத்தம் வரவில்லை, ஆட்டம் தொடர்ந்தது

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது நான் தள்ளுபடி செய்த கதை.

வாலாஜாபாத் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு சிறுகதைத் தொகுப்புகளும் போட்டிருக்கிறேன். ஊருக்குக் கடையை மட்டும் தெரியும். வல்லம் வடகாலில், கார் இருக்கைகளுக்கு இரும்புச் சட்டம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், பாதுகாப்பு வாரத்துக்காகக் கதைப் போட்டி வைத்தார்கள். போன வியாழக்கிழமை அதன் மேலாளர் புருஷோத்தமன் முப்பத்தொரு கதைகளைக் கட்டாகக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "நீங்கதான் சார் நடுவர்" என்றார். சன்மானம் ஒரு சால்வை, ஒரு ஹாட்பாக்ஸ். நான் மறுக்கவில்லை.

முப்பது கதைகளில் ஹெல்மெட் போடாதவன் செத்தான், போட்டவன் பிழைத்தான். இருபத்து மூன்றாம் எண்ணில் மட்டும் கதையே இல்லை. ஒரு படிவம் இருந்தது. தொழிற்சாலைகளில் ஏதாவது தப்பு நடந்தால் ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்பார்கள். ஒரு ஏனுக்கு வந்த பதிலைப் பிடித்து அடுத்த ஏன். ஐந்தாவதில் வேர் தட்டுப்படும் என்பது கணக்கு. அந்தத் தாளை அப்படியே தருகிறேன்:

சம்பவம்: நிறுவனக் கபடிப் போட்டி, அரையிறுதி.
தொழிலாளி: ஜெ. (24)
தலைக்கவசம் அணிந்திருந்தாரா? ஆம். பாதுகாப்புப் பிரிவு வழங்கியது.
ஏன் 1: ஏன் மயங்கி விழுந்தார்? தலையில் இரண்டாவது அடி.
ஏன் 2: இரண்டாவது அடி ஏன் பட்டது? முதல் அடிக்குப் பிறகும் ஆடினார்.
ஏன் 3: ஏன் ஆடினார்? ஆட அனுமதிக்கப்பட்டார்.
ஏன் 4: ஏன் அனுமதிக்கப்பட்டார்? ரத்தம் வரவில்லை.
ஏன் 5:

ஐந்தாவது கட்டம் காலி. நான் சிவப்புப் பேனாவால் 'கதை அல்ல' என்று எழுதி ஓரமாக வைத்தேன். அது வெள்ளிக்கிழமை. இன்று ஞாயிறு, கடைக்கு விடுமுறை. இரண்டு நாளாக அந்தக் காலிக் கட்டம் சாப்பிடவிடவில்லை. சரி, இதைக் கதையாக்கிவிட்டால் நிம்மதி என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2.

எப்படித் தொடங்குவது?

'செம்மண் புழுதி பறக்க, சூரியன் உச்சியில்—' வேண்டாம். இந்தப் பக்கத்துக் கம்பெனிக் கபடி இப்போதெல்லாம் ஷெட்டுக்குள் ரப்பர் விரிப்பில் நடக்கிறது. புழுதி என் ஆசை.

'கலைமதிக்கு அன்று காலையிலிருந்தே மனசு சரியில்லை—' பச்சைப் பொய். நல்ல மனசோடுதான் போயிருப்பாள். கெட்டது நடக்கப்போவது முன்கூட்டியே தெரிவதெல்லாம் கதைகளில்தான்.

(கலைமதி என்பது பாதுகாப்பு அலுவலருக்கு நான் வைத்த பெயர். தாளின் அடியில் இருக்கும் கையெழுத்தைப் படிக்க முடியவில்லை. எழுத்தின் உருட்டலைப் பார்த்துப் பெண் என்று முடிவு செய்தேன். ஜெ. என்பவனை ஜெபகுமார் ஆக்கிக்கொண்டேன்.)

'கலைமதிதான் அந்தத் தலைக்கவசங்களைக் கேட்டு வாங்கினாள்.' இது தேவலை. இங்கிருந்தே போகலாம்.

போன வருஷப் போட்டியில் இரண்டு பேர் தலையோடு தலை மோதி ஒருவனுக்குப் புருவம் பிளந்தது. ஒன்பது தையல். விரிப்பில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தது கலைமதி. அடுத்த வாரமே அவள் மேலாளரிடம் போய் நின்றாள். பிரஸ் லைனில் கையுறை இல்லாமல் ஒருவனை நிற்க விடுவோமா, கபடிக்கு மட்டும் வெறுந்தலையா என்று வாதாடினாள். கபடிக்கு எவனாவது தலைக்கவசம் போடுவானா என்று சிரித்தார்கள். அவள் விடாக்கண்டி. கடைசியில் ரப்பர் நுரை வைத்த, தாடையில் பட்டை கட்டுகிற, கறுப்புக் கவசங்கள் இருபத்தெட்டு வந்து இறங்கின.

இந்த வருஷம் அரையிறுதிவரை ஒரு கீறல் இல்லை. கலைமதிக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்றை மட்டும் அவள் பார்த்தும் பார்க்காமல் விட்டாள். முன்பெல்லாம் பையன்கள் பிடியை அறுத்துக்கொண்டு ஓடும்போது தோளைக் கொடுத்துத் தலையை ஒதுக்குவார்கள். இப்போது தலையைக் கொடுத்து நுழைந்தார்கள். அதை அவள் தைரியம் என்று நினைத்தாள்.

3.

கதையை நிறுத்திவிட்டு இங்கே கொஞ்சம் பேச வேண்டும். பிடிக்காதவர்கள் நான்காம் பகுதிக்குப் போகலாம்.

தலைக்கவசம் காப்பாற்றுமா? சாலையில் காப்பாற்றும். அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. ஒரகடம் சாலையில் ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்தக் கதையைச் சாக்காகக் காட்டினால் நான் பொறுப்பில்லை. ஆனால் ஆளோடு ஆள் மோதுவதையே ஆட்டமாக வைத்த விளையாட்டுகளில் பதில் அவ்வளவு சுலபமாக இல்லை. மண்டை உடையாது, தோல் கிழியாது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் இளநீர்க் காயைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போனாலும் உள்ளே தண்ணீர் தளும்பத்தான் செய்யும். மூளையும் உள்ளே அப்படித்தான் இருக்கிறது. ஆண்கள் குத்துச்சண்டையில் ஒலிம்பிக்கிலேயே தலைக்கவசத்தைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். நெற்றிக் கிழிசல் கூடியது. உள்ளதிர்வு குறைந்ததா என்று இன்னும் வாதம் நடக்கிறது. அமெரிக்கர்களின் காற்பந்தில் கவசம் கெட்டிப்பட்ட பிறகு தலையையே ஆயுதமாக நீட்டி மோதினார்கள். அப்படி மோதாதே என்று பிறகு விதி போட வேண்டியிருந்தது.

(இந்தப் பத்தியை எடுத்துவிட்டால் கதை வேகமாகப் போகும். ஆனால் நான் எதற்காகவோ கதைக்குள் போகாமல் வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.)

4.

ஜெபகுமார் பாடிக்கொண்டு போனான். எதிரணியில் ஐந்து பேர். கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது ஒருவன் காலைப் பிடித்தான். ஜெபகுமார் தலையைக் குனிந்து முன்னால் பாய்ந்தான். அவன் தலையும் இன்னொருவன் முழங்காலும் மோதிய சத்தம் பார்வையாளர் வரிசைவரை கேட்டது. கவசத்தின் நுரைமேல் பட்டதால் தபலாவில் தட்டினதுபோல மந்தமாகத்தான் கேட்டது.

கலைமதி முதலுதவிப் பெட்டியோடு ஓடினாள். அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"ஜெபா, இன்னாடா? ஓகேவா?"

"ஒண்ணுமில்ல மேடம். ஹெல்மெட்தான் கீதே."

அவள் தாடைப் பட்டையைத் தளர்த்தி, கவசத்துக்குள் விரல் விட்டு, நெற்றியோரம், காதோரம், பின்மண்டை எல்லாம் தடவிப் பார்த்தாள். விரலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஈரமில்லை. வியர்வை மட்டும். அவள் மனசு பாரம் இறங்கி லேசானது. வாங்கிக் கொடுத்தது வீண்போகவில்லை.

ஆட்ட நடுவரைப் பார்த்து, ஆடலாம் என்று கையை உயர்த்தினாள். ஆட்டம் தொடர்ந்தது.

எட்டு நிமிஷம் கழித்து இரண்டாவது அடி. அது முதலாவதில் பாதிகூட இல்லை. அவன் எழுந்திருக்கவில்லை.*

* மயக்கம் சில நிமிஷத்தில் தெளிந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, எலும்பு முறிவில்லை, ரத்தக்கசிவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். படிவத்தின் மறுபக்கத்தில் இருக்கிறது. இது என் கற்பனை அல்ல.

5.

அடுத்து வீட்டுக் காட்சி வேண்டும். ஜெபகுமாருக்கு ஷெர்லின் என்று ஒரு மனைவி. கல்யாணமாகி எட்டு மாதம். வடக்குப்பட்டில் வாடகை வீடு. கலைமதி பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகிறாள்.

"பிரஷ்ல பேஸ்ட்ட வச்சிகினு, இன்னாத்துக்கு வந்தோம்னு தெரியாம நிக்கிறாரு அக்கா" என்கிறாள் ஷெர்லின். "இன்னைக்கு எந்த ஷிப்டுன்னு மூணு தபா கேட்டுட்டாரு."

ஷெர்லினின் கண்களில்— (இங்கே கண்ணீர் என்று எழுதி அடித்தேன். பிறகு நெருப்பு என்று எழுதி அதையும் அடித்தேன்.)

முடிவு ஒன்று: ஜெபகுமார் தேறிவிடுகிறான். அடுத்த வருஷம் கோப்பையோடு வந்து மேடத்தின் காலைத் தொடுகிறான். முப்பது கதைகளோடு முப்பத்தொன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

முடிவு இரண்டு: அவன் செத்துப்போகிறான். தொழிற்சாலை வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' பலகையின் முன் கலைமதி அழுகிறாள். இது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு சாவு விழுந்தால் கதைக்குக் கனம் வந்துவிடும் என்கிற அற்பப் புத்தி எழுதுகிறவனுக்கு உண்டு. பெயரைக்கூட நானே வைத்த ஒரு பையனைச் சாகடித்து, முதல் பரிசு வாங்கும் தரத்தில் இரண்டு பக்கம் எழுதியும்விட்டேன். வெட்கமாக இருக்கிறது.

முடிவு மூன்றுக்கு ஏதாவது கிடைக்குமா என்று படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கத்தில், ஸ்கேன் விவரத்துக்குக் கீழே, இதுவரை நான் படிக்காத ஒரு வரி இருந்தது.

'மீண்டும் பணிக்கு: திங்கள், முதல் ஷிப்டு, பிரஸ் எண் 4.'

தேதியையும் போட்டிருந்தார்கள். நாளை.

பிரஸ் என்பது தகட்டை அடித்து வளைக்கிற எந்திரம். ஒவ்வொரு தகட்டையும் கையால் உள்ளே வைத்து, கையை எடுத்து, பிறகு அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில். பேஸ்ட்டை வைத்துவிட்டு எதற்கு வந்தோம் என்று மறக்கிறவன் நிற்கக்கூடிய இடமல்ல. பேஸ்ட் என் கற்பனை. பிரஸ் எண் 4 என் கற்பனை அல்ல.

வெள்ளிக்கிழமை நான் அந்தத் தாளை ஒரு பக்கம் புரட்டினேன். உருக்கம் இருக்கிறதா, உவமை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நானும் கலைமதிபோலக் கையை உயர்த்திவிட்டேன்.

6.

படிவத்தின் அடியில் 'அவசரத் தொடர்பு: பாதுகாப்பு அலுவலர்' என்று ஒரு கைபேசி எண் அச்சாகியிருந்தது. அதை அழைத்தேன்.

"அலோ, யாருங்க?" பெண்குரல்தான். பின்னால் குக்கர் விசிலடித்தது.

கலைமதி என்று கூப்பிட வாய்வரை வந்தது. "கதைப் போட்டி நடுவர் பேசறேம்மா. இருபத்து மூணாம் நம்பர்."

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"படிச்சீங்களா சார்?"

"படிச்சேன். கதை இல்லன்னு தள்ளி வச்சிட்டேன்."

"கதை இல்லதான் சார். மேனேஜர் கிட்ட குடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டாரு. ஹெல்மெட் போட்டிருந்தான், ரத்தம் வரல, ஸ்கேன்லயும் ஒண்ணுமில்ல, அப்புறம் இன்னா ஆக்ஸிடென்ட்டுன்னு கேக்கறாரு. போர்டுல முன்னூத்தி பதினோரு நாளு ஓடிகினு கீது. கம்பெனிய விட்டு வெளி ஆளு கைக்குப் போற பொட்டி அந்தக் கதைப் போட்டி பொட்டி ஒண்ணுதான். அதுல போட்டுட்டேன்."

"அந்தப் பையன் எப்படி இருக்கான்? அவன் சம்சாரம்..."

"கல்யாணமே ஆவல சார் அவனுக்கு. அம்மா மட்டும்தான். நேத்து போயி பாத்தேன். வெளிச்சம் கண்ணுக்கு ஆவலன்னு ஜன்னல்ல கோணி கட்டி வச்சிகீறாங்க. இருட்டுல உக்காந்துகினு என்னாண்ட கெஞ்சறான். எழுதாதீங்க மேடம், இந்த மாசம் பர்மனென்ட் ஆக்கற கன்ஃபர்ம் லிஸ்ட்ல பேரு வருதுன்றான். நாளைக்கு அஞ்சே காலுக்கு பஸ் ஏறுவான் சார்."

ஷெர்லினைக் கதையிலிருந்து அடித்துவிட வேண்டும். ஒரு மணி நேரம்தான் இருந்தாள், பாவம்.

"அஞ்சாவது கட்டத்தை ஏம்மா காலியா விட்டீங்க?"

"பதில் தெரியும் சார். கை ஓடல."

பிறகு, யாரிடமோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்:

"மொத அடி பட்டதும் எழுந்து எதிர் கோர்ட்ல போயி நின்னான் சார். தன் பக்கம் எதுன்னே தெரில அவனுக்கு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

இது என் நான்காம் பகுதியில் இல்லை. எத்தனை வருஷம் எழுதினாலும் எனக்குத் தோன்றியிருக்காது. மேலே போய்ச் சேர்க்கவும் மனம் வரவில்லை; அவள் சொன்ன இடத்திலேயே இருக்கட்டும்.

"நான் சொல்றேன், நீங்க எழுதிக்கிறீங்களா சார்?" என்றாள்.

சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு நீலத்தை எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல, ஒரு சொல் மாற்றாமல் எழுதினேன்:

ஏன் 5: 'போன வருஷம் ரத்தத்த பாத்து பயந்துதான் ஹெல்மெட் கேட்டேன். சண்ட போட்டு வாங்கினேன். அது காப்பாத்திடுச்சுன்னு நம்ப ஆசப்பட்டேன். அதான் ரத்தத்த மட்டும் தேடினேன். அவன பாக்கல.'

"இதை ஏத்துக்குவாங்களாம்மா?"

"தெரில சார். என் வேல போவும்னு நெனைக்கிறேன். அவன் கன்ஃபர்மும் போவும். அதுக்கு அவன் என்ன மன்னிக்க மாட்டான். ஆனா கை போனா திரும்பி வராது சார். அஞ்சு மணிக்கே அவன் ஸ்டாப்புல போயி நிக்கறேன். நீங்க அந்தத் தாள வாட்ஸப்புல அனுப்புங்க."

அனுப்பிவிட்டேன். அவள் பெயரைக் கேட்கவில்லை. தெரிந்தால் இங்கே எழுதிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அந்தப் பையன் பேருந்தில் ஏறினானா, அவள் இறக்கினாளா, புருஷோத்தமன் தாளை வாங்கினாரா, பலகையில் முன்னூற்றுப் பதினொன்று பூஜ்யமானதா என்று எழுதப்போவதில்லை. இதை எழுதும்போது ஞாயிறு மாலை ஆறு மணி. ஒன்றும் நடந்து முடியவில்லை.

ஐந்தாவது கட்டத்துக்குக் கீழே 'சாட்சிகள்' என்று இரண்டு கோடுகள் இருக்கின்றன. ஒன்றில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பினேன். இன்னொன்று காலியாக இருக்கிறது. அரையிறுதியிலிருந்து நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.