ஈரத் தலை

சீனு அண்ணா கணுவுக்கு வருகிறான் என்று தெரிந்த அன்றைக்கே காமாக்ஷி முடிவு பண்ணிவிட்டாள். வரட்டும். நன்றாக வரட்டும். இருபது மாதமாக அவள் வயிற்றெரிச்சலோடு காத்திருந்தது இதற்குத்தான்.

போன் பண்ணியது அவன்தான். இருதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பாம், வருகிற புதன்கிழமை பைபாஸ். ஆஸ்பத்திரி, டாக்டர், அறை எல்லாம் விவரமாகச் சொல்லிக்கொண்டே போனான். அவள் 'உம்' கொட்டினாளே தவிர ஒன்றையும் காதில் வாங்கவில்லை. கடைசியாகத்தான் விஷயத்துக்கு வந்தான். இந்த வருஷம் பொங்கல் சனிக்கிழமை, கணு ஞாயிற்றுக்கிழமை, திங்கள் லீவு. மன்னி ஓட்டுவாள், டாலஸ் பக்கம் அவர்கள் இருக்கிற ரிச்சர்ட்சனிலிருந்து காமாக்ஷியின் ஹூஸ்டனுக்கு நாலரை மணி நேரம்தானே என்றான். "நீ கணு வைக்கறதைக் கண்ணாலே பாத்துட்டுப் போய்ப் படுத்துக்கறேன் காமு. அப்புறம் எனக்குப் பயமில்லே."

பார்த்துக்கொள், பேஷாகப் பார்த்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சீனு பெரிய டெலிகாம் இன்ஜினியர். சந்தியாவந்தனத்தை எப்போதோ மூட்டை கட்டிவிட்டான், கோயிலுக்குப் போனால் பார்க்கிங் லாட்டிலேயே நின்றுவிடுவான். ஆனால் தங்கை வைக்கிற கணு என்றால் மட்டும் அப்படி ஒரு நம்பிக்கை. முதல் வேலை, விசா, கிரீன் கார்டு எல்லாம் அவள் வைத்த கணுப்பிடியால் வந்தது என்பான். வருஷா வருஷம் அன்று காலை போன் வரும். ஹலோகூடக் கிடையாது, "வச்சியா?" என்பான். வச்சாச்சு என்று சொன்ன பிறகுதான் காபி குடிப்பான்.

கூடப் பிறந்தவன் குடும்பத்தோடு நன்றாயிருக்க வேண்டும் என்று பெண்கள் பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் வைக்கிறது அது. மஞ்சள் இலையில் மஞ்சள் சாதம், சிவப்புச் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று சின்னச் சின்ன உருண்டையாக வைத்துக் காக்கையைக் கூப்பிட வேண்டும். குளிப்பதற்கு முன்னால் வைக்க வேண்டும், வைத்துவிட்டுத் தலைக்குக் குளிக்க வேண்டும். குளித்தவள் கணு வைக்க முடியாது. அவ்வளவுதான் சட்டம். காமாக்ஷி அதைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படி என்ன செய்துவிட்டான் சீனு? தொண்ணூற்றெட்டு மே மாதம் சென்னையில் அம்மாவுக்கு முடியாமல் போனது. இவளிடம் ஆபீஸ் வேலையாக சிங்கப்பூர் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் மட்டும் சென்னைக்குப் பறந்தான். அம்மா போய்விட்டாள். கொள்ளி வைத்தான், பத்து நாள் காரியம் பண்ணினான், பதிமூன்றாம் நாள் சுபம் முடித்தான். பதினாலாம் நாள் சாவகாசமாகக் காமாக்ஷிக்குப் போன் பண்ணிச் சொன்னான். நடுவில் இவள் அம்மாவோடு பேச முயன்றபோதெல்லாம் நங்கநல்லூர் வீட்டு லைன் டெட் என்று மன்னி நாக்கூசாமல் பொய் சொல்லியிருக்கிறாள்.

காரணம் கேட்டால், இவளுடைய கிரீன் கார்டு. அப்ளிகேஷன் நடக்கும்போது நாட்டை விட்டுப் போனால் எல்லாம் வீணாகிவிடுமாம், அதனால் தங்கையின் நல்லதுக்காக அவனே தீர்மானம் பண்ணினானாம். போய்விட்டுத் திரும்பி வர அனுமதிக் காகிதம் ஒரு மாதம் முன்பே தபாலில் வந்து அவள் டிராயரில் கிடந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே விமானம் ஏறியிருப்பாள். யார் கேட்டார்கள்?

அம்மா தவறிய வருஷம் பண்டிகை இல்லை. ஆகவே அதற்குப் பிறகு இதுதான் முதல் கணு.

சனிக்கிழமை பொங்கலில் காமாக்ஷி ஒரு குறையும் வைக்கவில்லை. பால் பொங்கியது, அண்ணாவுக்கு எண்ணெய் குறைத்துத் தனியாக வடை தட்டினாள், கணுச் சீராக அவன் கொண்டு வந்த அரக்குப் பட்டுப் புடவையை வாங்கி ஸ்வாமி அலமாரியில் வைத்தாள். குளிருக்குப் பயந்து கராஜில் வைத்துக் காப்பாற்றிய மஞ்சள் செடியை மன்னிக்குக் காட்டி, எத்தனை இலை வேண்டுமோ நறுக்கிக்கொள்ளுங்கள் என்றாள். எனக்கு வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. தங்கைக்குக் கோபம் தீர்ந்தது என்று சீனு நிம்மதியாகத் தூங்கப் போனான்.

மறுநாள் நாலரை மணிக்கே எழுந்து அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். ஷாம்பூ போட்டு, அவசரமில்லாமல், இரண்டு தடவை.

வெளிச்சம் வருகிற நேரத்தில் மன்னி கொல்லைப் புல்தரையில் தன் இரண்டு அண்ணாக்களுக்கும் இலை போட்டு உருண்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். சீனு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காபி குடிக்கவில்லை. தங்கை வைக்காமல் குடிக்க மாட்டானே. காமாக்ஷி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். தலையில் வெள்ளைத் துண்டு, நெற்றியோரம் நீர் சொட்டுகிறது. அவன் எதிரிலேயே நின்று துண்டை அவிழ்த்து முடியை உதறினாள்.

அவன் ஈரத் தலையைப் பார்த்தான், வெளியே மன்னியின் இலையைப் பார்த்தான், மறுபடி இவளைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது. காமாக்ஷிக்கு அதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வேப்ப மரம் இல்லாத ஊரில் காக்கை மாதிரியே இருக்கும் நீள வால் பறவைகள் வந்து மன்னி வைத்ததைக் கொத்திக்கொண்டு போயின.

மத்தியானம் எல்லோருமாக ஏரிப் பூங்காவுக்குப் போனார்கள். புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், பொரித்த வடாம். பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் ஜமக்காளம் விரித்திருந்தன. காமாக்ஷியின் கணவன் வெங்கடகிருஷ்ணன் கிரிக்கெட் மட்டையோடு ஓடினான், மகள் ஸ்ம்ருதி வாத்துகளுக்கு வடாம் போட்டாள். சீனு கைபடாத தட்டோடு தங்கை பக்கத்தில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ஏன் காமு, எனக்கு வைக்கக் கூடாதுன்னா?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாள். ஸ்ம்ருதியின் நாலாவது பிறந்தநாள். காமாக்ஷி பட்டுப் புடவையில் பல்லெல்லாம் தெரிய, கேக் கத்தியோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள். மூலையில் காமிரா அச்சடித்த ஆரஞ்சு நிறத் தேதி.

"கண்ணாடி போட்டுண்டு படி."

படித்தான். மே ஒன்பது, தொண்ணூற்றெட்டு.

"அன்னிக்குத்தான் நீ அம்மாவுக்குக் கொள்ளி வச்சே. நான் இங்கே கேக் வெட்டிண்டு இளிச்சுண்டிருக்கேன். ஊரெல்லாம் கூப்பிட்டு பார்ட்டி பண்ணியிருக்கேன் அண்ணா."

"சொன்னா தாங்க மாட்டேன்னுதான்டி..."

"அதேதான். காத்தாலேயே உன்கிட்ட சொன்னா தாங்க மாட்டியேன்னு நானும் சொல்லலே. குளிச்சுட்டு வந்துட்டேன்."

அவன் போட்டோவைத் திருப்பித் தரவில்லை. தப்புதான் என்று மெதுவாகச் சொன்னான், இரண்டு தடவை சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் தவித்தோம் என்று அவள் நினைத்திருந்தாள். வந்த பிறகு பார்த்தால் போதவில்லை. இன்னும் வேண்டும்போல இருந்தது.

சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள். திங்கட்கிழமை வரை இருப்பதாகத்தான் ஏற்பாடு, சீனுதான் போகலாம் என்றான். முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தான். மன்னி சாவியோடு காமாக்ஷியிடம் வந்து, ஆபரேஷன் முடிந்ததும் முதல் போன் உனக்குத்தான் என்றாள்.

"அவசரமில்லே மன்னி. பதினாலாம் நாள் பண்ணினாப் போதும்."

மன்னிக்குச் சாவி நழுவி விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு, சரி என்று மட்டும் சொன்னாள். கார் திரும்பி மறைகிற வரை காமாக்ஷி வாசலிலேயே நின்றாள். பழி தீர்ந்த நிம்மதியில் அன்று ராத்திரி அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள்.

புதன்கிழமை ஆபீசுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று வெங்கடகிருஷ்ணன் கேட்டதற்குத் தலைவலி என்றாள். போன் பக்கத்திலேயே காய்கறி நறுக்கினாள், துணி மடித்தாள். பத்து மணிக்குத் துவங்கியிருப்பார்கள், இரண்டு மணிக்கு முடிந்திருக்கும், நாலு மணிக்குக் கண் விழித்திருப்பான் என்று தானே கணக்குப் போட்டாள். போன் அடிக்கவில்லை. ஆறு மணிக்கு அவளே ரிச்சர்ட்சன் நம்பரைப் போட்டாள். மெஷின்தான் எடுத்தது. நாங்கள் வீட்டில் இல்லை, மெசேஜ் விடுங்கள் என்று சீனுவின் குரல் இங்கிலீஷில் சொன்னது. பீப் அடித்ததும் வைத்துவிட்டாள். மறுபடி போட்டாள், அந்தக் குரலைக் கேட்பதற்காக இன்னொரு தடவையும் போட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் பண்ணலாம் என்றால் எந்த ஆஸ்பத்திரி? அவன் சொன்னான், விவரமாகச் சொன்னான். டாலஸ் பக்கம் என்பதைத் தவிர ஒன்றும் நினைவில் இல்லை. டைரக்டரியில் கேட்டு நாலு இடத்துக்குப் பேசினாள், அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றார்கள்.

வியாழக்கிழமை விடிவதற்கு முன்னால் காமாக்ஷி குளிக்காமல் கராஜுக்குப் போனாள். மஞ்சள் செடியில் மன்னி நறுக்கியது போக ஒரே ஓர் இலை, நுனி பழுத்துத் தொங்கியது. அதை நறுக்கிக் கொல்லையில் விரித்து, குக்கரில் சாதம் வைத்து, தப்பான நாளில் உருண்டை உருட்டி வைத்துவிட்டுப் பறவைகளைக் கூப்பிட்டாள். ஒன்றும் வரவில்லை. உள்ளே போய் போன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று முழுவதும் தலைக்குக் குளிக்கத் தோன்றவில்லை. பதினாலாம் நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.