கடவுளுக்கு ஒரு ரிஜிஸ்தர் தபால்

1951-ஆம் வருஷம் ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் தெரு சேஷகிரி கடவுளுக்கு அனுப்பியிருந்த ரிஜிஸ்தர் தபாலுக்கு அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு கையெழுத்தாகித் திரும்பி வந்தது. அதே வாரம் மார்க்கெட்டில் பீன்ஸ் விலை இறங்கியது. இரண்டில் ஊர் அதிகம் பேசியது பீன்ஸைப் பற்றித்தான்.

சேஷகிரி சர்க்கார் குமாஸ்தா. நாற்பத்தேழில் கொடி மாறியபோதும் அவருடைய நாற்காலி மாறவில்லை. ஒரே மகள் பாமாவுக்கு 1949-இல் டைபாய்டு வந்தது. அந்த இருபத்தோரு நாளில் மனுஷர் செய்யாத வேண்டுதல் கிடையாது. காடு மல்லேஸ்வரருக்கு அபிஷேகம், அனுமாருக்கு வடைமாலை, போதாததற்குப் பிளாக்பள்ளி மாதா கோயிலில் மெழுகுவத்தி. இருபத்திரண்டாம் நாள் குழந்தை போய்விட்டது. ஒன்பது வயசு. அன்றைக்கே சேஷகிரி கடவுள் இல்லை என்று அறிவித்தார். கேட்டவர்களிடமும் அறிவித்தார், கேட்காதவர்களிடமும் அறிவித்தார். பூஜை அறைப் படங்களைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். இவரோ ஒவ்வொன்றையும் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார், வாத்தியார் பையன்களைத் திரும்பி நிற்கச் சொல்கிற மாதிரி. அவர் மனைவி சுப்புலக்ஷ்மி திருப்பிய படங்களின் முதுகைத் தினமும் துடைத்து வைத்தாள்.

வாயால் சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்? சர்க்கார் மனுஷனுக்குக் காகிதம் வேண்டும். "அப்படி ஒரு விலாசதாரர் இல்லை" என்று தபால் இலாகாவே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டால் அதற்கு மேல் அப்பீல் ஏது! ஆகவே ஒரு ஷோகாஸ் நோட்டீஸ் தயாரித்தார். ஒன்பது வயதான பாமாவை எந்த விதியின் கீழ் எடுத்துக்கொண்டீர், பதினைந்து நாட்களுக்குள் தக்க காரணம் காட்டவும், தவறினால் தாங்கள் இல்லை என்று முடிவு செய்து ஃபைல் மூடப்படும். விலாசம்: கடவுள், எங்கிருந்தாலும். போஸ்ட்மாஸ்டர் ரெமிஜியஸ் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். உறையைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டு, பிறகு ஸ்டாம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ரசீது கொடுத்தார்.

முத்திரை வரவில்லை. கார்டுதான் வந்தது. லேசாகப் பலப்பம் வாசனை அடித்தது. கையெழுத்து இருந்த இடத்தில் முதலில் ஒரு 'சே', பிறகு ஒரு நெளிவு, அதன் கீழே இரண்டு கோடு, கோடுகளுக்கு நடுவில் ஒரு புள்ளி. சேஷகிரிக்கு ரத்தம் கொதித்தது. ஆபீஸ் ஃபைல்களில் அவர் கையெழுத்துப் போடும் விதம் அது. "என்னைக் கிண்டல் பண்றானா?" என்று கத்தியவர், யார் பண்ணுவதாகச் சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை. அன்றே முதல் ரிமைண்டர் போனது.

பிறகு மாதம் ஒரு ரிமைண்டர், மாதம் ஒரு கார்டு. பதில் மட்டும் கிடையாது. நாத்திகர் சங்கம் ஒன்று அவரைக் காரியதரிசி ஆக்கியது. எதிர்த்தரப்போடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறார் என்று எட்டே மாதத்தில் நீக்கியது. ஐம்பத்தாறில் விதான சௌதா எழும்பி ஆபீஸ் அங்கே மாறியது. அதன் நெற்றியில் 'சர்க்கார் வேலை தேவர் வேலை', அதாவது கடவுளின் வேலை, என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். சேஷகிரி அதன் கீழே நுழைய மறுத்து, பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய் வந்தார். அந்தக் கதவுக்குச் சுற்றி நடந்ததில் செருப்புதான் தேய்ந்தது.

கார்டுகளைக் கொண்டுவந்தவர் முனிகிருஷ்ணன். அல்சூர்க்காரர், தபால்காரர், வீட்டில் புத்தர் படம் ஒன்று உண்டு, அதற்கும் அவர் தொந்தரவு கொடுப்பதில்லை. ஆரம்பத்தில் சேஷகிரியை "சாமி" என்று கூப்பிட்டார். அந்த வார்த்தையை என் வாசலில் சொல்லாதே என்று இவர் சீறியதிலிருந்து "சார்". ஐம்பத்தெட்டு சித்திரையில் ஒரு நாள் கார்டை நீட்டினார். சேஷகிரி வழக்கம்போலக் கடவுளைத் திட்ட ஆரம்பித்தார். திருடன், காது கேட்காதவன், கைக்கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்யாதவன். முனிகிருஷ்ணன் பையை இறக்கி வைத்துவிட்டு முழுசும் கேட்டார்.

"நானும் ரெண்டு புள்ளைங்கள மண்ணுல வெச்சிட்டு வந்தவன் சார்," என்றார். "ஒண்ணு காலரா, இன்னொண்ணு இன்னான்னே தெரியல. எனக்கு சாமி கெடயாது. அதனால சண்டையும் கெடயாது. அளுதேன், சோறு தின்னேன், ட்யூட்டிக்கு வந்தேன். இத்தினி வருசத்துல அந்தாளுக்கு ஒரு காலணா கார்டு போட்டதில்ல. நீங்க பொண்டாட்டிக்குக்கூட இவ்ளோ எளுதியிருக்க மாட்டீங்க. இது நம்பாத ஆளு பண்ற வேலையா சார்? பேஜார் புடிச்ச சம்பந்தி பண்ற வேல."

சேஷகிரி கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஏழு வருஷமாகத் தான் நாத்திகன் அல்ல, வெறும் கோபக்காரன் என்று ஒரு தபால்காரர் சொல்லிப் புரிகிறதே என்று மானம் போய்விட்டது. ரிமைண்டர் நின்றது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஃபைல்மேல் 'முடிக்கப்பட்டது' என்று எழுதி, வெந்நீர் அடுப்புக்குப் போடச் சொல்லி சுப்புலக்ஷ்மியிடம் கொடுத்தார். குழந்தை ஏன் போனாள் என்ற கேள்வியையும் அதோடு எரித்துவிடுவதாக உத்தேசம். பாவம், அது எரிகிற சாமானா?

சுப்புலக்ஷ்மி அடுப்படியில் உட்கார்ந்து முதல் கட்டைப் பிரித்தாள். அவள் அந்தக் கார்டுகளை அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆபீஸ் காகிதம் பெண்டுகளுக்கு எதற்கு என்று பூட்டி வைத்திருந்தாரே, மகானுபாவர்! தண்ணீர் கொதித்து வழிகிற சத்தம் கேட்டு அவர் போய்ப் பார்த்தபோது எண்பத்து மூன்று கார்டும் தரையில் வரிசையாகக் கிடந்தன.

"ஏன்னா, இது நம்ம பாமா போடற கையெழுத்துன்னா," என்றாள். "நீங்க ஆபீஸ் போனப்பறம் ஸ்லேட்டுல உங்களாட்டமே போட்டுப் பார்த்துண்டிருப்பா. ரெண்டு கோடு, நடுவுல புள்ளி. இதோ பாருங்கோ, முன்னாடி இனிஷியலா உங்க பேரோட மொத எழுத்து. உங்களுக்கு இது தெரியாதா? ஒரு நாளாவது அவ ஸ்லேட்டைப் பார்த்திருக்கேளா?"

பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். முதல் கார்டில் கோடு கோணலாக, அழுத்தி, எழுதுபலகையை விட்டு வெளியே ஓடுகிற மாதிரி இருந்தது. முப்பதாவது கார்டில் நேராகியிருந்தது. கடைசிக் கார்டில் ஒரே இழுப்பு, பதினெட்டு வயசுப் பெண்ணின் கை. அவர் ஃபைல் மூடிய வருஷத்தில் பாமாவுக்குப் பதினெட்டுதான் ஆகியிருக்க வேண்டும். சேஷகிரி அடுப்புச் சாம்பலில் உட்கார்ந்து, ஒன்பது வருஷமாக அழாத அழுகையை அழுதார். அன்று இரண்டு பேருமே குளிக்கவில்லை.

மறுநாள் காலை தபால் ஆபீஸ் கதவு திறக்கும் முன்பே நோட்டீஸோடு நின்றார். அன்றிலிருந்து வாரம் ஒன்று. இப்பவாவது நம்புறீங்களா என்று முனிகிருஷ்ணன் கேட்டதற்கு, "சேச்சே, கடவுளாவது மண்ணாவது! அங்கே தபால் வாங்கிக்கிறது என் பொண்ணு, அவ்வளவுதான்," என்றார். படங்கள் சுவரைப் பார்த்தபடியே இருந்தன.

அறுபத்தொன்று தை மாதம் வந்த கார்டில் முன்னெழுத்து மாறியிருந்தது. சேஷகிரியின் 'சே' போய் 'வை' வந்திருந்தது. சுப்புலக்ஷ்மி உடனே லட்டுக்குப் பாகு வைத்தாள். 'வை'யில் தொடங்கும் பெயருள்ள, காலமான பையன் யார் என்று இவர் கிராஸ் கிராஸாக விசாரித்தார். பதினைந்தாவது கிராஸில் நாற்பத்தெட்டில் அம்மை போட்டுப் போன வைத்தீஸ்வரன் கிடைத்தான். நல்ல குடும்பம், கோத்திரமும் இடிக்கவில்லை. அவன் தாயார் கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தாள். அந்தத் தீபாவளியிலிருந்து இரண்டு வீட்டுக்கும் சீர்வரிசை போய் வந்தது. ரெமிஜியஸ் நான்கு லட்டு சாப்பிட்டார்.

லட்டு கொடுத்து முடிந்த மறுநாள் சேஷகிரி புது ஃபைல் ஒன்று திறந்தார். பெற்ற தகப்பன் உயிரோடு இருக்கையில், அவனுக்கு ஒரு பத்திரிகைகூட அனுப்பாமல், எந்த விதியின் கீழ் கன்னிகாதானம் செய்து கொடுத்தீர், பதினைந்து நாட்களுக்குள் காரணம் காட்டவும். முனிகிருஷ்ணன் உறையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த வியாழக்கிழமை கார்டு வந்தது. ஒரு ஓரத்தில் மஞ்சள் பட்டிருந்தது.