போஸ்ட் போனது

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும்னு என் வீட்டுக்காரி எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கா. பொய் இல்ல. லிஃப்ட் ரிப்பேர் பண்றவனுக்குக் கோவம் வராம எப்படி இருக்கும்? ரெண்டு மாடிக்கு நடுவுல பெட்டி நின்னுடும். உள்ள மாட்டினவங்க சும்மா இருப்பாங்க, வெளியில நிக்கறவங்கதான் என்னைத் திட்டுவாங்க. ஆனா அங்க எவ்வளவு கோவம் வந்தாலும் கை பாட்டுக்கு வேலை செய்யும். எந்த வயர் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டு ஹால் மூலையில இருக்கற கம்ப்யூட்டர்கிட்ட மட்டும் என் பாச்சா பலிக்காது.

அதுல மெயில் பாக்கணும்னா ஒரு கறுப்புத் திரை. படம் கிடையாது, மௌஸ் கிடையாது, மேலேருந்து கீழ வரைக்கும் வெறும் இங்கிலீஷ் எழுத்து. எங்க மாப்பிள்ளை வெச்சுக் கொடுத்தது. அவர் கம்ப்யூட்டர் கம்பெனியில பெரிய ஆள். "உங்க பழைய மெஷினுக்கு இதுதான் மாமா தாங்கும். கல்லு மாதிரி நிக்கும்"னார். கல்லேதான். பேத்தி போட்டோ வந்தா, இங்க ஒரு படம் இருக்கு, காட்ட முடியாதுன்னு ஒரு வரி எழுதிக் காட்டும். நாங்க அதுல படிக்கறதோட சரி, பேசணும்னா ஃபோன். அதனால மாப்பிள்ளை தமிழ்ல ஒரு சீட்டு எழுதித் திரைக்குப் பக்கத்துல ஒட்டிட்டுப் போனார். 'படிக்க என்டர். வெளியே போக க்யூ. ஏதாவது கேட்டால் ஒய்.' அவ்வளவுதான் சீட்டு.

செவ்வாய்க்கிழமை காலையில பொண்ணுகிட்டேருந்து மெயில் வந்தது. அவ ஆபீஸ்லேருந்து, தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு அனுப்பியிருந்தா.

'அப்பா, இனிமே என்னால இங்க இருக்க முடியாது. பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துடட்டுமா? நீங்க வான்னு ஒரு வார்த்தை எழுதினா போதும். ஃபோன் பண்ணாதீங்க, என் ஃபோனை அவர்தான் வெச்சிருக்கார். நீங்களும் கிளம்பி வராதீங்க, ரசாபாசமாயிடும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். பதில் வரலைன்னா உங்களுக்குக் கஷ்டம்னு எடுத்துக்கறேன். தப்பா நினைக்க மாட்டேன்.'

தப்பா நினைக்க மாட்டாளாம். போன வருஷம் ஒரு தடவை பையோட வந்து நின்னவளை, குடும்பம்னா நாலும் இருக்கும், அனுசரிச்சுப் போம்மான்னு சொல்லி, நானே கூட்டிட்டுப் போய் பஸ் ஏத்திவிட்டவன். ஜன்னல் வழியா ஒரு தடவை பாத்தா. அந்தப் பார்வை இன்னும் என்னை விடல. இப்ப மறுபடி என்னையே கேக்கறா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

மாப்பிள்ளையைத்தான் எப்படிப் பதில் அனுப்பறதுன்னு கேக்க முடியுமா? நானே உக்காந்தேன். திரையில ரிப்ளைன்னு எழுதியிருந்தது, அது எனக்கே தெரியும். அமுக்கினேன். எழுத ஒரு பக்கம் திறந்தது. நானும் அவளை மாதிரியே ஒவ்வொரு எழுத்தா தேடி அடிச்சேன். 'வாம்மா. உடனே வா. போன தடவை அப்பா பண்ணது தப்பு. உன் ரூம் உனக்குத்தான்.' இந்த நாலு வரிக்கு முக்கால் மணி நேரம்.

முடிச்சதும் சீட்டைப் பாத்தேன். வெளியே போக க்யூ. சரி, லெட்டர் வெளியே போகணும். க்யூ அமுக்கினேன். என்னமோ கேட்டது. கேட்டா ஒய். ஒய் அமுக்கினேன். கீழ ஒரு வரி வந்தது. என் வீட்டுக்காரி கண்ணாடியை மாட்டிக்கிட்டு எழுத்துக் கூட்டிப் படிச்சா.

"மெசேஜ்... போஸ்ட்... போன... டு. போஸ்ட் போனதுன்னு போட்டிருக்குங்க."

"போயிடுச்சுல்ல?"

"அதான் தமிழ்லயே சொல்லுதே."

அன்னிக்கு நான் வேலைக்கு விசில் அடிச்சுக்கிட்டே போனேன்னு சொன்னா நம்புவீங்களா? என் வீட்டுக்காரி பொண்ணு ரூமைக் கழுவித் துடைச்சா. பாப்பாவுக்குன்னு ஒரு சின்னத் தலைகாணிக்கு உறை தைச்சா. புதன் போச்சு, வியாழன் போச்சு. வெள்ளிக்கிழமை வாசல்ல ஆட்டோ சத்தம் கேக்கறப்பல்லாம் ரெண்டு பேரும் எழுந்து நின்னோம். யாரும் வரல.

சனிக்கிழமை என்கூட வேலை பாக்கற எலெக்ட்ரீஷியனைக் கூட்டிட்டு வந்தேன். எந்நேரமும் சட்டைப் பையில டார்ச் வெச்சிருப்பான், அதனால எங்க எல்லாருக்கும் அவன் டார்ச்சுதான். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரிஞ்சவன். விஷயத்தை மறைக்காம சொன்னேன். அவன் ரெண்டு கீ அமுக்கினான். கிட்ட குனிஞ்சு படிச்சான்.

"என்னடா?"

"அண்ணே, லெட்டர் இங்கயே இருக்கு."

"என்னடா உளர்ற? போஸ்ட் போனதுன்னு வந்ததே."

"அது போஸ்ட்போன்ட். தள்ளி வெச்சாச்சுன்னு அர்த்தம். எழுதினதை அனுப்பாம வெளியில வந்தா, எடுத்து வெச்சுக்கட்டுமான்னு கேக்கும். நீங்க ஆமான்னிருக்கீங்க. அனுப்ப நேரா ஒய்தான். மேலயே எழுதியிருக்கு பாருங்க."

எழுதித்தான் இருந்தது. நான் சீட்டைத்தான பாத்தேன். மாப்பிள்ளை மேல கோவப்படவா, இங்கிலீஷ் மேல கோவப்படவா, என் தலையில நானே அடிச்சுக்கவா? இவ சுவரோரமா உக்காந்துட்டா. "நான்தானேங்க படிச்சேன்"னா. அவளைத் திட்ட வாய் வரல.

டார்ச்சு லெட்டரை எடுத்து ஒய் அமுக்கினான். பாஸ்வேர்டு தப்புன்னு வந்தது. மெயில் உள்ள வர்றதுக்கு ஒரு பாஸ்வேர்டாம், வெளியில போறதுக்கு இன்னொண்ணாம். வெளியில போறதை யாரும் சரியாப் போட்டே வைக்கலை. ரெண்டு மணி நேரம் என்னென்னமோ மாத்தி மாத்திப் பாத்தான். கடைசியில, "விடுங்கண்ணே, என் ஃபோன்லேருந்து அனுப்பறேன்"னு அதே நாலு வரியை அனுப்பினான். அடுத்த நிமிஷம் திரும்பி வந்துடுச்சு. அப்படி ஒரு முகவரியே இல்லையாம். ஒவ்வொரு எழுத்தா நான் சொல்லச் சொல்ல மறுபடி அடிச்சான். மறுபடியும் திரும்பி வந்தது.

இனிமே என்ன இருக்கு? மாப்பிள்ளை நம்பருக்கே போட்டேன். கம்ப்யூட்டர் சாக்கு இருக்கே.

"சொல்லுங்க மாமா." குரல்ல அவ்வளவு மரியாதை.

"இந்த மெயில் வெளியில போகமாட்டேங்குது மாப்பிள்ளை. பாஸ்வேர்டு கேக்குது."

"அட, அதை நான் போடாம விட்டுட்டேன். எழுதிக்கோங்க." நிதானமா ஒவ்வொரு எழுத்தா சொன்னார். என் கை பாட்டுக்கு எழுதிச்சு. "யாருக்கு மாமா மெயில்?"

"சும்மா... பொண்ணுக்கு. ஆபீஸ் முகவரிக்குப் போட்டா திரும்பி வருது."

"அவ வேலையை விட்டுட்டா மாமா. நேத்தோட சரி. வெள்ளிக்கிழமை சாயந்தரம் வந்து, இனிமே வீட்டோட இருக்கேன்னு அவளே சொல்லிட்டா. நானே எதிர்பாக்கல." சிரிச்சார். "இங்கதான் இருக்கா, பேசுங்க. ஸ்பீக்கர்ல போடறேன்."

"அப்பா"ன்னா. பின்னாடி டிவி ஓடிக்கிட்டிருந்தது, கிண்ணம் வைக்கற சத்தம், அவர் தொண்டையைக் கனைக்கற சத்தம், எல்லாம் கேட்டது.

"எப்படிம்மா இருக்க?"

"நல்லா இருக்கேன்பா."

வாய் வரைக்கும் வந்தது. வாம்மான்னு கத்தணும்போல இருந்தது. கத்திட்டு ஃபோனை வெச்சுட்டா, அந்த வீட்டுல அடுத்த நிமிஷம் இருக்கப்போறது நானா, அவளா?

"இங்க ஒரு லெட்டர் போகாம நின்னுடுச்சும்மா. செவ்வாய்க்கிழமையே எழுதினது. போயிடுச்சுன்னு நினைச்சுட்டு இருந்தேன். நான் ஒரு மடையன்."

கிண்ணம் வைக்கற சத்தம் நின்னுது.

"செவ்வாய்க்கிழமையேவா எழுதினீங்க?"

"அன்னிக்குக் காலையிலயே. பத்து மணிக்குள்ள."

"ஓ." குரல் கொஞ்சம் உடைஞ்சுது, உடனே சரி பண்ணிக்கிட்டா. "எனக்குத் தெரியாதேப்பா. தெரிஞ்சிருந்தா வேலையை விட்டிருக்க மாட்டேன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" இது மாப்பிள்ளை குரல்.

"ஒண்ணுமில்லைங்க. சும்மா சொன்னேன்"னா. அப்புறம் ஃபோன் கை மாறிச்சு.

"பாஸ்வேர்டு எழுதிக்கிட்டீங்கல்ல மாமா?"

எழுதிக்கிட்டேன் மாப்பிள்ளைன்னேன்.